இரத்தத்தில் ஓடும் கொழுப்பும் இல்லத்தரசியின் நலமும்

தமிழில் 'கொழுப்பு' என்னும் சொல்லுக்கு நற்பெயர் கிடையாது. அடங்காத பிள்ளையைக் கண்டால், "உனக்குக் கொழுப்பு ஏறிவிட்டது" என்கிறோம். எதிர்த்துப் பேசுவோரை, "வாய்க்கொழுப்பு மிக்கவர்" என்று ஏசுகிறோம். இப்பழிச்சொற்களோடு இந்நாளில் மருத்துவ அச்சமும் சேர்ந்துகொண்டது. எண்ணெய் என்றாலே முகம் சுளிக்கும் இளம் பெண்களை இன்று வீட்டுக்கு வீடு காண்கிறோம்.

ஆனால் நம் பாட்டிமார் வேறு விதமாக எண்ணினர். பெண்பிள்ளை பூப்பெய்திவிட்டால் உளுந்தங்களி கிளறி, நடுவே குழி செய்து, அக்குழி நிறைய நல்லெண்ணெய் ஊற்றி உண்ணச் செய்வர். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டும் நல்லெண்ணெயும் சேர்த்துப் பத்தியச் சோறு படைப்பர். கொழுமை என்னும் பழஞ்சொல்லுக்கு வளமை என்ற பொருளும் உண்டென்பதை அவர்கள் அகராதி பார்த்து அறிந்தவர்களல்லர். பெண்ணின் உடலுக்கும் நெய்ப்பசைக்கும் ஏதோ ஒரு நெருங்கிய உறவு உண்டென்பதை மட்டும் வழிவழியாக நம்பி வந்தனர்.

பாட்டியின் நம்பிக்கை சரியா, பேத்தியின் அச்சம் சரியா? இவ்வினாவை ஆராயுமாறு நம்மைத் தூண்டியது நம் குடும்பத்தில் 2019-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்று.

எதிர்பாராத ஒரு கேள்வி

நம் மூத்த அக்காவுக்கு அப்போது 57 வயது. அத்தானுக்கு அதற்குப் பத்தாண்டுகள் முன்பே இதயக் குழாயில் அடைப்பு ஏற்பட்டுச் சிகிச்சை நடந்திருந்தது. அன்றிலிருந்து அக்காவின் அடுக்களை அடியோடு மாறிற்று. தேங்காய் குறைந்தது, ஆட்டிறைச்சி நின்றது, முட்டையின் மஞ்சள் கரு அத்தானின் தட்டிலிருந்து நீக்கப்பட்டது. நீக்கப்பட்ட மஞ்சள் கரு வீணாகலாகாதே என்று அக்கா அதைத் தாமே உண்பார். ஆறு மாதத்திற்கு ஒருமுறை அத்தானின் இரத்தம் பரிசோதிக்கப்படும். மருத்துவக் கோப்பைக் கையில் ஏந்திக்கொண்டு அக்கா வெளிப்பலகையில் காத்திருப்பார். அந்தப் பத்தாண்டுகளில் ஒருமுறையேனும் அவருடைய இரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்று எவரும் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை.

ஒருநாள் அவருக்குத் தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகில் ஒரு வலி. கூடவே குமட்டலும் சொல்லொணாக் களைப்பும். மார்பில் வலி இல்லை. வாய்வுத் தொல்லை என்று எண்ணி ஓமத் தண்ணீர் அருந்திவிட்டு இரண்டு நாட்கள் வழக்கம்போல் சமைத்தார். மூன்றாம் நாள் அருகிலிருந்த மருத்துவர் ஒருவர் செரிமான மருந்து எழுதிக் கொடுத்தனுப்பினார். அன்று மாலை மாடிப்படி ஏறுகையில் மூச்சு முட்டிற்று. வேறொரு மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்தபோதுதான் மாரடைப்பு என்று தெரிந்தது. இறைவன் அருளால் பிழைத்துக்கொண்டார். எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொழுப்பு அவருக்கு 186 இருந்தது.

படுக்கையருகே வந்த இதய நிபுணர் கேட்ட முதற்கேள்விகளுள் ஒன்று நம்மைத் திகைக்க வைத்தது. "மாதவிடாய் நின்று எத்தனை ஆண்டுகள் ஆகின்றன அம்மா?" என்றார் அவர். அக்கா நம்மைப் பார்த்தார். நாம் அக்காவைப் பார்த்தோம். இதயத்திற்கும் மாதவிடாய்க்கும் என்ன தொடர்பு? "பத்தாண்டுகள் ஆகின்றன, டாக்டர்" என்று அக்கா தாழ்ந்த குரலில் சொன்னார். "அதுதான்" என்று தலையசைத்துவிட்டு அவர் அடுத்த படுக்கைக்குச் சென்றுவிட்டார்.

அந்த 'அதுதான்' என்ற ஒரு சொல்லின் பொருளைத் தேடிப் பல நூல்களைப் படித்தோம். அறிந்த மருத்துவர்களைக் கேட்டோம். கற்றதை நம் குடும்பங்களின் தாய்மாரோடும் பெண்மக்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீரில் செல்லும் நெய்மூட்டைகள்

இரத்தத்தின் பெரும்பகுதி நீர். நீரில் எண்ணெய் கலவாது என்பதை ரசம் வைக்கும் எந்தப் பெண்ணும் அறிவாள். தாளிப்பு மேலே மிதக்கும். அப்படியிருக்க, கொழுப்பு இரத்தத்தில் எங்ஙனம் பயணம் செய்கிறது? உடல் அதற்கு ஓர் உபாயம் செய்திருக்கிறது. கொழுப்பைச் சிறு சிறு மூட்டைகளாகக் கட்டி, நீரோடு ஒத்துப்போகும் புரதப் போர்வையை மேலே சுற்றி அனுப்புகிறது. கல்லீரலிலிருந்து புறப்பட்டு உடலின் பல பாகங்களுக்கும் கொலஸ்டிராலைக் கொண்டு செல்லும் மூட்டை எல்.டி.எல். எஞ்சியதைத் திரட்டிக் கல்லீரலுக்குத் திருப்பிக் கொண்டுவருவது எச்.டி.எல். உடலின் எரிபொருளாகப் பயன்படும் மற்றொரு வகைக் கொழுப்பு டிரைகிளிசரைடு.

இந்த எல்.டி.எல். மூட்டையைக் கல்லீரலும் மற்ற உறுப்புகளும் எவ்வாறு பற்றி உள்ளிழுத்துக்கொள்கின்றன என்பதை அமெரிக்காவின் டல்லஸ் நகரில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்னும் இரு மருத்துவ அறிஞர்கள் கண்டறிந்தனர். உயிரணுக்களின் மேற்பரப்பில், இம்மூட்டைகளைப் பிடித்து உள்ளே இழுக்கும் கைகள் போன்ற அமைப்புகள் இருக்கின்றன என்பதே அவர்களது கண்டுபிடிப்பு. 1985-இல் அதற்காக அவர்களுக்கு நோபல் பரிசு அளிக்கப்பட்டது. இந்தக் 'கைகளை' வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். நம் கதையில் அவை மீண்டும் மீண்டும் வரும். கைகள் மிகுந்தால் இரத்தத்தில் கெட்ட கொழுப்பு குறையும். கைகள் குறைந்தால் மூட்டைகள் இரத்தத்திலேயே சுற்றித் திரிந்து குழாய்ச் சுவர்களில் படியத் தொடங்கும்.

பெண்மையின் தாய்ப்பொருள்

கொலஸ்டிரால் என்ற பெயரைக் கேட்டதும் நாம் அஞ்சுகிறோம். பித்தக் கற்களில் காணப்பட்ட மெழுகு போன்ற இப்பொருளுக்கு 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெயரிட்டவர் ஷெவ்ரல் என்னும் பிரெஞ்சு வேதியியல் அறிஞர். கிரேக்க மொழியில் 'பித்தம்', 'கெட்டி' என்னும் இரு சொற்களைச் சேர்த்து அப்பெயரை அமைத்தார். கொழுப்புகளை ஆராய்வதில் பல்லாண்டுகள் செலவிட்ட அவர் 102 வயது வரை வாழ்ந்தார் என்பது சுவையான செய்தி.

இப்பொருள் இல்லையேல் பெண்மை இல்லை என்பது பின்னரே தெரியவந்தது. 1929-இல் ஜெர்மனியில் அடோல்ஃப் பூட்டனான்டும், அமெரிக்காவில் எட்வர்டு டாய்சியும் தனித்தனியே ஆராய்ந்து, கருவுற்ற பெண்களின் சிறுநீரிலிருந்து ஈஸ்ட்ரோன் என்னும் பெண்மை ஹார்மோனைப் பிரித்தெடுத்தனர். டாய்சி பணியாற்றியது சேசு சபையினரின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் என்பதை நம் வாசகர்கள் அறிந்து மகிழலாம். ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன்கள் யாவும் கொலஸ்டிராலிலிருந்தே பிறக்கின்றன என்பது பின்னர் வந்த ஆராய்ச்சிகளால் உறுதியாயிற்று.

இப்பிறப்பு படிப்படியாக நிகழ்கிறது. கொலஸ்டிராலில் 27 கரிம அணுக்கள் உள்ளன. தச்சன் மரத்தைச் செதுக்குவதுபோல் உடல் அதைச் செதுக்குகிறது. 21 அணுக்களாகக் குறையும்போது கருவைக் காக்கும் புரோஜெஸ்டிரோன் கிடைக்கிறது. 19-ஆகக் குறையும்போது ஆண்மை ஹார்மோன்கள் பிறக்கின்றன. 18-ஆகச் செதுக்கியபின் ஈஸ்ட்ரோஜன் உருவாகிறது. பெண்ணின் உடலில் ஆண்மை ஹார்மோனா என வியக்க வேண்டாம். ஒவ்வொரு பெண்ணின் சினைப்பையிலும் முதலில் அது உண்டாகிப் பின்னரே ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது.

இதற்கு வேண்டிய மூலப்பொருளைக் கொணர்ந்து தருவது இரத்தமே. சினைப்பையிலிருந்து முட்டை வெளிப்பட்டபின் அவ்விடத்தில் மஞ்சள் நிறமான ஒரு சிறு உறுப்பு உருவாகிறது. சுமார் இரண்டு வாரங்களே வாழும் அவ்வுறுப்பு, இரத்தத்திலிருந்து எல்.டி.எல். மூட்டைகளை ஈர்த்துக்கொண்டு நாள்தோறும் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. கரு தங்கிவிட்டால் சில வாரங்களில் இவ்வேலையை நஞ்சுக்கொடி ஏற்றுக்கொள்கிறது. பேறுகாலம் நெருங்கும்போது நஞ்சுக்கொடி நாளொன்றுக்கு ஏறத்தாழ 250 மில்லிகிராம் புரோஜெஸ்டிரோன் சுரக்கிறது. அதற்கான கொலஸ்டிராலைத் தாயின் இரத்தமே வழங்குகிறது.

எனவேதான் கருவுற்ற பெண்ணின் இரத்தத்தில் கொழுப்பு இயல்பாகவே ஏறுகிறது. கொலஸ்டிரால் கால் பங்கிலிருந்து அரைப் பங்கு வரை கூடும். டிரைகிளிசரைடு இரு மடங்கு, மும்மடங்குகூட ஆகலாம். இது பெரும்பாலும் நோயன்று. குழந்தைக்காகத் தாயின் உடல் செய்யும் ஆயத்தம். ஆகவே வழக்கமான கொழுப்புப் பரிசோதனையைப் பேறு முடிந்து சில வாரங்கள் கழித்துச் செய்துகொள்ளுமாறு மருத்துவர்கள் கூறுவர்.

இங்கே ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடலாகாது. மூலப்பொருள் கொலஸ்டிரால் என்பதால், இரத்தத்தில் அது கூடக் கூட ஹார்மோனும் கூடும் என்று எண்ணுவது பிழை. களஞ்சியத்தில் நெல் நிறைந்திருப்பதால் உலையில் அரிசி தானாகக் கூடிவிடுமோ? எவ்வளவு அளந்து போடுவது என்பது வீட்டுத்தலைவியின் கையில் அன்றோ இருக்கிறது! உடலில் அவ்வாறு அளந்து கொடுப்பது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி. அதன் கட்டளைப்படியே சினைப்பை கொலஸ்டிராலை எடுத்துக்கொள்கிறது. தேவைக்கு மிஞ்சிய கொலஸ்டிரால் பெண்மையைப் பெருக்குவதில்லை. குழாய்களில் படிவதே அதன் வேலை. அதுபோலவே, மருத்துவர் அளவறிந்து கொடுக்கும் கொழுப்புக் குறைப்பு மாத்திரைகளால் பெண்மை ஹார்மோன்கள் வற்றிவிடும் என்ற அச்சமும் வேண்டியதில்லை. ஆனால் கருவுற்றிருப்போரும் கருத்தரிக்க விரும்புவோரும் மருத்துவரைக் கேளாமல் அம்மாத்திரைகளை உட்கொள்ளலாகாது.

பிள்ளை தாயை ஆளும் விந்தை

கொலஸ்டிரால் தாய் என்றால் ஈஸ்ட்ரோஜன் பிள்ளை. ஆயினும் வளர்ந்த பிள்ளை தாயை நெறிப்படுத்துவதுபோல், ஈஸ்ட்ரோஜன் இரத்தத்தில் ஓடும் கொழுப்பை நெறிப்படுத்துகிறது. நாம் மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன அந்தக் 'கைகளை'க் கல்லீரலில் பெருக்குவது ஈஸ்ட்ரோஜனே. அதனால் எல்.டி.எல். குறைகிறது, நல்ல கொழுப்பாகிய எச்.டி.எல். கூடுகிறது. 2010-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒழுங்கான மாதவிடாய் உள்ள 259 பெண்களின் இரத்தத்தை மாதத்தின் பல நாட்களில் பரிசோதித்தனர். ஒரே பெண்ணின் கொழுப்பு அளவு மாதத்திற்குள்ளேயே ஏறி இறங்குவதைக் கண்டனர். ஈஸ்ட்ரோஜன் உச்சமடைந்து முட்டை வெளிப்படும் நாட்களை ஒட்டி எச்.டி.எல். மிகுந்திருந்தது, அதன்பின் எல்.டி.எல். இறங்கிற்று. கடலலை நிலவைப் பின்பற்றுவதுபோல் பெண்ணின் இரத்தக் கொழுப்பு அவளது ஹார்மோனைப் பின்பற்றுகிறது.

இப்போது இதய நிபுணரின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. மாதவிடாய் நின்றபின் சினைப்பை ஈஸ்ட்ரோஜன் சுரப்பதை நிறுத்திவிடுகிறது. கல்லீரலின் கைகள் குறைகின்றன. மூட்டைகள் இரத்தத்தில் தேங்குகின்றன. அமெரிக்காவில் வெள்ளையர், கறுப்பர், லத்தீன் அமெரிக்கர், சீனர், ஜப்பானியர் எனப் பல இனப் பெண்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சியாளர்கள் 2009-இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். கடைசி மாதவிடாயை ஒட்டிய ஓராண்டுக்குள்ளாகவே எல்.டி.எல். கூர்மையாக ஏறுகிறது, எந்த இனமாயினும் இதில் மாற்றமில்லை என்பதே அது. மூப்பினால் மெல்ல மெல்ல ஏறும் ஏற்றம் வேறு. இந்த ஏற்றம் வேறு.

மேலைநாட்டுப் பெண்களுக்கு மாதவிடாய் சராசரியாக 51 வயதில் நிற்கிறது. நம் நாட்டுப் பெண்களுக்கு அது 46, 47 வயதிலேயே நிகழ்ந்துவிடுகிறது. அதாவது இயற்கை அளித்த அரண் நம் பெண்களை நான்கைந்து ஆண்டுகள் முன்னதாகவே விட்டு நீங்குகிறது. மகளுக்கு வரன் பார்க்கும் வயது அது. மகனின் கல்லூரிக் கட்டணத்திற்கு ஓடும் வயது. மாமியார் படுக்கையில் விழும் வயது. தன்னைப்பற்றி நினைக்கக் குடும்பத்தலைவிக்கு நேரமே இல்லாத அந்த வயதில்தான் அவளது இரத்தம் ஓசையின்றி மாறிக்கொண்டிருக்கிறது.

மாத்திரை கேடயமாகுமா?

ஈஸ்ட்ரோஜன் குறைவதால் வரும் துன்பமெனில், ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாகக் கொடுத்தால் தீர்ந்துவிடுமன்றோ? நமக்குத் தோன்றிய இவ்வினா மருத்துவ உலகுக்கும் தோன்றிற்று. பல்லாண்டுகள் மேலைநாடுகளில் இலட்சக்கணக்கான பெண்கள் அவ்வாறே உட்கொண்டனர். 1998-இல் வெளிவந்த ஓர் ஆய்வு அந்நம்பிக்கையை அசைத்தது. ஏற்கெனவே இதயநோய் உள்ள 2,763 பெண்களை நான்காண்டுகள் கவனித்ததில், மாத்திரையால் கெட்ட கொழுப்பு குறைந்தது, மாரடைப்போ குறையவில்லை. அடுத்து, 16,608 பெண்கள் பங்கேற்ற மற்றொரு பெரும் ஆய்வு 2002-ஆம் ஆண்டு ஜூலையில் இடையிலேயே நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்னும் துணை ஹார்மோனும் சேர்ந்த மாத்திரையால் மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், மாரடைப்பு ஆகியவை கூடின என்பதே காரணம்.

இதனால் அம்மருந்தே நஞ்சு என்று கொள்ளலாகாது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் தாங்கொணா உடல் வெப்பமும் உறக்கமின்மையும் கொண்ட சிலருக்கு, வயதையும் உடல்நிலையையும் ஆராய்ந்து மருத்துவர்கள் அதை இன்றும் வழங்குகின்றனர். ஆனால் இதயத்தைக் காக்கும் கேடயமாக அதைக் கொள்ளும் வழக்கம் நின்றுவிட்டது. பரிசோதனைத் தாளில் ஓர் எண் இறங்கிவிட்டதால் மட்டும் உயிர் காக்கப்பட்டுவிட்டது என்று பொருளாகாது என்னும் பாடத்தை மருத்துவ உலகம் விலை கொடுத்துக் கற்றது.

இளம் பெண்களின் இடர்

கொழுப்பும் ஹார்மோனும் சேர்ந்து வாட்டுவது நடுவயதுத் தாய்மாரை மட்டுமன்று. நம் தம்பியின் மகள் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தவள், வயது 19. நான்கு மாதங்களாக மாதவிடாய் வரவில்லை. முகத்தில் பருக்களும் மேலுதட்டில் மெல்லிய மயிரும் தோன்றின. உடல் பருத்ததைக் கண்டு, கொழுப்பே காரணமென்று தானே முடிவு செய்துகொண்டு எண்ணெயை முற்றிலும் நீக்கிவிட்டாள். ரசச் சோறும் ரொட்டிக்கடைப் பண்டமும் இனிப்புப் பானமுமே உணவாயின. பரிசோதித்தபோது டிரைகிளிசரைடு 210, எச்.டி.எல். 36. "எண்ணெயே தொடுவதில்லையே, அத்தை, இரத்தத்தில் இவ்வளவு கொழுப்பு எங்கிருந்து வந்தது?" என்று அவள் அழுதாள்.

விடை அவளது சோற்றுத் தட்டில் இருந்தது. தேவைக்கு மிஞ்சிய மாவுப்பொருளையும் சர்க்கரையையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. இத்தகைய உணவாலும் உழைப்பின்மையாலும் இன்சுலின் தன் வலிமையை இழக்க, உடல் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின் இரண்டு தீங்குகள் செய்கிறது. சினைப்பையைத் தூண்டி ஆண்மை ஹார்மோனைக் கூட்டுகிறது. அந்த ஹார்மோனைப் பற்றிக் கட்டிவைக்கும் புரதத்தைக் கல்லீரல் உண்டாக்காமல் தடுக்கிறது. கட்டவிழ்ந்த ஆண்மை ஹார்மோன் மாதவிடாயைக் குலைக்கிறது. சினைப்பை நீர்க்கட்டி நோய் என்று இன்று பரவலாகப் பேசப்படுவது இதுவே. 1935-இல் சிக்காகோவில் ஸ்டெய்ன், லெவென்தால் என்னும் இரு மருத்துவர்கள் ஏழு பெண்களிடம் கண்டு விவரித்த அந்நோய் இன்று உலகெங்கும் இளம் பெண்களை வருத்துகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்டு, சண்டிகர் ஆகிய இடங்களில் நடந்து 2014-இல் வெளிவந்த ஆய்வில், நூற்றுக்கு 72 பேரிடம் நல்ல கொழுப்பு குறைந்திருந்தது. மொத்தக் கொலஸ்டிரால் மிகுந்தவர்கள் நூற்றுக்கு 14 பேரே. நம் மக்களின் இடர் எண்ணெய்ச் சட்டியில் மட்டுமன்று, சோற்றுப் பானையிலும் இருக்கிறது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

தம்பி மகளுக்கு மருத்துவர் கூறிய அறிவுரை எளியது: சோற்றைப் பாதியாக்கு, பருப்பும் முட்டையும் காயும் சேர், நாள்தோறும் நட. உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகிவிடும் என்றார். ஆறு திங்களில் அவளுக்கும் அவ்வாறே ஆயிற்று.

எதிர்க்கோடிக்குச் சென்றுவிடுவதும் தீங்கே. மெலிய வேண்டுமென்று உணவை வெறுக்கும் பெண்ணுக்கு மாதவிடாய் நின்றுவிடும். பெண்ணின் உடலில் ஓரளவு கொழுப்பு சேர்ந்தாலன்றிப் பூப்பும் ஒழுங்கான மாதவிடாயும் நிகழா என்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ரோஸ் ஃபிரிஷ் 1974-இல் எழுதினார். அவர் குறித்த அளவுகளைப்பற்றிக் கருத்து வேறுபாடுகள் எழுந்தன. ஆயினும் உடலின் கொழுப்பு இருப்பை மூளைக்கு அறிவிக்கும் லெப்டின் என்னும் ஹார்மோன் 1994-இல் கண்டறியப்பட்டபின், அவர் கூறியதன் கருத்து வலுப்பெற்றது. ஒரு பிள்ளையைச் சுமக்கப் போதிய சேமிப்பு இல்லை என்று கண்டால் உடல் கருத்தரிக்கும் வாயிலை அடைத்துவிடுகிறது. பாட்டியின் உளுந்தங்களியிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. அவள் கொடுத்தது நாள் முழுதும் உழைத்த பெண்ணுக்கு, சில நாட்கள் மட்டும் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

கழுத்தில் ஒரு சிறு சுரப்பி

அக்காவுக்கு நேர்ந்ததைக் கண்டு நாமும் அவ்வாண்டே இரத்தம் கொடுத்துப் பார்த்தோம். எல்.டி.எல். 162 என்று வந்தது. மாத்திரை எழுதுவார் என எதிர்பார்த்துச் சென்றோம். அம்மருத்துவரோ, "முதலில் தைராய்டைப் பார்ப்போம்" என்றார். பார்த்ததில், கழுத்திலுள்ள அச்சுரப்பி சோர்ந்திருப்பது தெரிந்தது. கல்லீரலின் அந்தக் கைகளைப் பெருக்குவதில் தைராய்டு ஹார்மோனுக்கும் பங்கு உண்டு. அது குறைந்தால் கெட்ட கொழுப்பு ஏறும். இக்குறை ஆண்களைவிடப் பெண்களிடமே மிகுதி. களைப்பு, மலச்சிக்கல், முடி உதிர்தல், குளிர் தாங்காமை என்று அது வெளிப்படும்போது, 'வயதாகிறது' என்று நாமே காரணம் சொல்லிக்கொள்கிறோம். காலையில் வெறும் வயிற்றில் ஒரு தைராய்டு மாத்திரை உட்கொள்ளத் தொடங்கிய சில மாதங்களில், வேறு மருந்தின்றியே நம் எல்.டி.எல். 118-ஆக இறங்கிற்று. கொழுப்பு மிகுந்த பெண்ணுக்குத் தைராய்டையும் பார்க்க வேண்டும் என்னும் இச்சிறு செய்தி பலருக்குப் பயன்படக்கூடும்.

அடுக்களையும் ஆய்வுக்கூடமும்

இனி, நாம் செய்யத்தக்கவை யாவை?

முதலாவது, அளந்தறிதல். 40 வயது கடந்த ஒவ்வொரு பெண்ணும், மாதவிடாய் தடுமாறத் தொடங்கிய ஒவ்வொரு தாயும், தம் இரத்தக் கொழுப்பைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நீரிழிவு, நீர்க்கட்டி நோய், கருவுற்ற காலத்தில் சர்க்கரை அல்லது இரத்த அழுத்தம், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு ஆகியவை இருப்பின் இன்னும் முன்னதாகவே பார்த்துக்கொள்வது நன்று. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் எல்.டி.எல். 100 மில்லிகிராமுக்குக் குறைவாகவும், டிரைகிளிசரைடு 150-க்குக் குறைவாகவும், பெண்களுக்கு எச்.டி.எல். 50-க்கு மேலாகவும் இருத்தல் விரும்பத்தக்கது. இதயநோய் கண்டவர்களுக்கு எல்.டி.எல். இதனினும் தாழ்ந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, அடுக்களை ஒழுங்கு. ஒருவருக்கு மாதத்திற்கு அரை லிட்டர் எண்ணெய் போதும் என்பது மருத்துவர் பலர் கூறும் கணக்கு. பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சுவதைக் கைவிட வேண்டும். எண்ணெய்களிலும் வனஸ்பதியிலும் உள்ள கேடு மிக்க 'டிரான்ஸ்' கொழுப்பை 2022 ஜனவரி முதல் நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் விடலாகாது என்று நம் நாட்டில் விதி செய்திருக்கின்றனர். ஆயினும் தெருவோரச் சட்டியில் நாளெல்லாம் கொதிக்கும் எண்ணெயை எந்த விதி காக்கும்? மஞ்சள் கருவை மட்டும் குற்றவாளியாக்குவதும் முறையன்று. வெள்ளைச் சோறு, சர்க்கரை, மைதா ஆகியவற்றைக் குறைத்து, கீரை, பயறு, மீன், கடலை இவற்றைக் கூட்டுவது ஆணுக்கும் பெண்ணுக்கும் நன்மை தரும்.

மூன்றாவது, உடலுழைப்பு. அம்மியும் உரலும் போன வீட்டில் அவற்றின் வேலையையும் யாரேனும் செய்தாக வேண்டும். நாளுக்கு அரைமணி நேர வேக நடை அதை ஓரளவு ஈடுசெய்யும்.

நான்காவது, அறிகுறிகளை அறிதல். பெண்களுக்கும் மார்புவலி வரக்கூடும். ஆனால் முதுகு, தாடை, தோள் இவற்றில் வலி, குமட்டல், மூச்சுத் திணறல், காரணமறியாக் களைப்பு ஆகியவையும் மாரடைப்பாக இருக்கலாம். அந்நிலையில் ஓமத் தண்ணீரோடு நின்றுவிடாமல் உடனே இ.சி.ஜி. எடுத்தல் வேண்டும்.

வீட்டிலுள்ள ஆண்மக்களுக்கு ஒரு வேண்டுகோள். கணவரின் மருந்து வேளையை மனைவி அறிவாள். பிள்ளைகளின் தடுப்பூசித் தேதியைத் தாய் அறிவாள். அந்தத் தாயின் கொலஸ்டிரால் எவ்வளவு என்று கேட்டால் எத்தனை வீடுகளில் விடை கிடைக்கும்? அடுத்த முறை இரத்தம் கொடுக்கச் செல்லும்போது, கோப்பைத் தூக்கிக்கொண்டு உடன் வருபவளின் பெயரையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அவள் மறுப்பாள், "எனக்கு என்ன, நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்பாள். கேளாமல் அழைத்துச் செல்லுங்கள். ஒரு சிறு குப்பி இரத்தமும் சில நூறு ரூபாயுமே அதற்குத் தேவை.